மூன்று பக்கம், அறுபது ரூபா

தெமட்டகொடைச் சந்தியில்
கொத்துக் கடைக்கும் பாமசிக்கும் நடுவில்
ஆறடி அகலம் என் கடை.
போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட்.
போன வருஷம் பலகையில் ஒரு வரி சேர்த்தேன்:
அசைன்மென்ட் செய்து தரப்படும்.
'எழுதித் தரப்படும்' என்று போட மனம் வரவில்லை.
எழுதுவது நானில்லை,
பிள்ளைகளுமில்லை.

தலைப்பைச் சொல்வார்கள், தட்டுவேன்.
பிளேன்டீ ஆறுமுன்
தலைவாரிப் பவுடர் பூசி
நானூறு சொல் வரிசையில் நிற்கும்.

திங்கள் பின்னேரம் ஷஃப்னா வந்தாள்,
வெல்லம்பிட்டியிலிருந்து. தரம் பத்து.
புத்தகப் பையின் அடியில்
இரண்டு விரல் உயரத்துக்குத்
தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு.
தலைப்பு: நான் கண்ட வெள்ளம்.

தட்டினேன்.
இயற்கையின் சீற்றத்தின் முன் மனிதன் ஒரு துரும்பு
என்று தொடங்கியது.
கார்மேகம் திரண்டது. பயிர்கள் மூழ்கின.
கால்நடைகள் கதறின.
(வெல்லம்பிட்டியில் எந்தப் பயிர்?)
கடைசிப் பந்தியில் எல்லோரும் கைகோத்துப்
புதிய விடியலை நோக்கி நடந்தார்கள்.

என் பிரின்டர் பழசு, சூடேற நேரமெடுக்கும்.
கவுன்டரில் சாய்ந்து, போனைத் தள்ளியபடி
அவள் சும்மா சொல்லிக்கொண்டிருந்தாள்:

"மொதல்ல கக்கூஸ் குழியாலதான் அக்கா தண்ணி வந்திச்சி.
ராவு மூணு மணி. மழ உட்டு ஒரு நாள்.
வானம் முழுக்க நட்சத்திரம்.
வாப்பா ஃப்ரிட்ஜ மேசைக்கு ஏத்தப் போனாரு,
அது அவருக்கு முந்தித் தானா எழும்பி மெதந்திச்சி.
சுவர்ல போய் முட்டும், திரும்பி வரும், முட்டும்."
அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினாள்.
"உம்மா ஒரே சிரிப்பு, பைத்தியம் மாதிரி.
இன்னம் நாலு தவண கட்ட ஈக்கி அதுக்கு."

"இதை எழுதன்" என்றேன்.
கையில் காசில்லாதவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
"இதுக்கெல்லாம் மார்க்ஸ் தரமாட்டாங்க அக்கா.
அதுல நல்ல தமிழ் ஈக்கி."

நல்ல தமிழ் சுடச்சுட வெளியே வந்தது.
மூன்று பக்கம், அறுபது ரூபா.
ஸ்டேப்ளருக்குக் காசில்லை.

இருபதுக்குப் பதினெட்டு.
அதே வகுப்பில் இன்னும் நான்கு பேருக்கும் பதினெட்டு;
நால்வரும் என் வாடிக்கைதான்.
ஒருவன் ஒன்பதாம் மாடியில் இருப்பவன்,
வெள்ளம் அவன் வீட்டு லிஃப்ட்டைக்கூடத் தொட்டதில்லை.
தாளில் பார்த்தால்
ஷஃப்னா நனைந்த அளவே அவனும் நனைந்திருந்தான்.

அன்றிரவு கடை பூட்டுமுன்
மை சிந்திக் கெட்டுப்போன தாளொன்றின் பின்புறம்
அவள் சொன்னதை எழுதிவைத்தேன்.
ஏன் என்று தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு
ரசீதைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை.
குழி வந்தது, நட்சத்திரம் வந்தது, நாலு தவணை வந்தது.
அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை.
டொங்? இல்லை. தொப்? இல்லவே இல்லை.
மெஷினிடம் கேட்டேன்:
தண்ணீரில் மிதக்கும் ஃப்ரிட்ஜ்
சுவரில் முட்டினால் எப்படிக் கேட்கும்?
தடதட, கடகட, சலசல என்று
பத்துச் சத்தம் பட்டியல் போட்டுத் தந்தது.
ஒன்றிலும் தண்ணீர் இல்லை.
ஓரிடம் வெறுமையாய் விட்டு மடித்தேன்.

மூன்று கிழமை கழித்துத் திரும்ப வந்தாள்.
என் எதிர்கால இலட்சியம்,
இருநூற்றைம்பது சொல்லுக்குக் குறையாமல்.
தட்டுமுன் கேட்டேன்:
"அந்த ஃப்ரிட்ஜ், என்ன சத்தம் போட்டது?"

கண்ணைச் சுருக்கினாள்.
வாயைக் குவித்து, ஏதோ தொடங்கி, விட்டுவிட்டாள்.
"வெளங்கல்ல அக்கா. சத்தம் எங்க கேக்கிற,
அண்டைக்கு அப்பிடி மழதானே.
ஒரே கார்மேகம்."